டெங்குவா, சிக்குன்குனியாவா, ரெண்டுமேவா? செல்லூர் வாசகியோட கேள்விக்கு டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர் வணக்கம். நாங்க மதுரை செல்லூர்ல இருக்கோம். வீட்டுக்காரருக்கு வயசு 54, சுகர் இருக்கு. நாலு நாளா காய்ச்சல், மணிக்கட்டு கணுக்கால் எல்லாம் வீங்கிப்போய் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்ரூமுக்கே போறார். முதல் நாளே டெங்கு கார்டு டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ்னு வந்துச்சு. ஒரு டாக்டர் சிக்குன்குனியாங்கிறார், இன்னொருத்தர் டெங்குவாத்தான் இருக்கும்ங்கிறார், பிளேட்லெட் 96 ஆயிரம் இருக்கு. பக்கத்து வீட்டக்கா ரெண்டும் சேர்ந்தே வருதுங்கிறாங்க, அப்படியும் வருமா? ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு பொண்ணை தேனியில இருந்து கூட்டிட்டு வந்து பத்து நாள்தான் ஆகுது. ஜிகான்னு ஒண்ணு இருக்கு, வயித்துப் பிள்ளைக்கு தலை சின்னதாயிடும்னு வாட்ஸப்ல பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. பொண்ணைத் திரும்ப தேனிக்கே அனுப்பிடவா? திருப்பூர்ல வேலை பார்க்கிற பையன் அப்பாவைப் பார்க்க வர்றேங்கிறான், வரச் சொல்லவா வேண்டாமா?

பதில்: வணக்கம்மா. கடிதத்துல ஃபோன் நம்பர் இருந்ததால அவசரமானதை உங்ககிட்ட அப்பவே பேசிட்டேன், அன்னைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னதும் அதனாலதான். ஆனா மழை ஆரம்பிச்சதுல இருந்து இதே கேள்வியோட வர்றவங்க நிறைய, அதனால ஃபோன்ல சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து இங்க எழுதுறேன்.

ரெண்டு டாக்டர் ரெண்டு நோயோட பேரைச் சொன்னாங்கன்னு குழம்பிட்டீங்க, அது நியாயம்தான். ஆனா காய்ச்சலோட பேர் என்னன்னு தெரியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லம்மா. முதல் ஒரு வாரம் அது டெங்குன்னே நினைச்சு பார்த்துக்கிட்டா போதும், அது சிக்குன்குனியாவா இருந்தாலும் அதனால நஷ்டம் கிடையாது. சிக்குன்குனியா ஆளை முடக்கிப் போடும், வயசானவங்களுக்கும் வேற நோய் இருக்கிறவங்களுக்கும் ஆபத்தும் உண்டு, ஆனா மூட்டுவலிக்கான வைத்தியத்தை ஒரு வாரம் கழிச்சு ஆரம்பிச்சாலும் குடி முழுகிடாது. டெங்கு அப்படி இல்ல, காலையில உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர் சாயங்காலம் கை கால் சில்லிட்டு பிபி இறங்கிப் படுத்துடுவார், அந்த சில மணி நேரத்தைத் தவற விட்டாத்தான் உயிர் போகுது.

முதல் நாள் கார்டு டெஸ்ட் நெகட்டிவ்னு வந்ததை வச்சு டெங்கு இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. அதுல பார்க்கிறது என்எஸ்1 ங்கிற வைரஸோட ஒரு புரதத்தை. காய்ச்சலோட முதல் அஞ்சு நாள்ல அது ரத்தத்துல இருக்கும், ஆனா முன்னாடியே ஒரு தடவை டெங்கு வந்தவங்களுக்கு ரெண்டாவது தடவை வரும்போது சீக்கிரமே காணாமப் போயிடும், கார்டுல தெரியாமலே போகலாம். அதனாலதான் கார்டு டெஸ்ட்டை மட்டும் நம்பாம லேப்ல எலைசாங்கிற முறையில எடுக்கச் சொல்றோம், அஞ்சு நாள் தாண்டிட்டா ஐஜிஎம்ங்கிற எதிர்ப்பணு டெஸ்ட் பார்க்கணும். உங்க வீட்டுக்காரர் மதுரையிலயே பிறந்து வளர்ந்தவர்னு ஃபோன்ல சொன்னீங்க. 2012லயும் 2017லயும் தமிழ்நாடு முழுக்க டெங்கு பெருசா பரவுச்சு, 2012ல மட்டும் நம்ம மாநிலத்துல பதிவானதே 12 ஆயிரத்துக்கு மேல. அப்ப சாதா காய்ச்சல்னு நினைச்சு எத்தனையோ பேர் கடந்து போயிருப்பாங்க. டெங்குல நாலு வகை வைரஸ் இருக்கு, ஒரு வகை வந்து போனா அந்த வகைக்கு மட்டும்தான் ரொம்ப காலத்துக்குப் பாதுகாப்பு, அடுத்த தடவை வேற வகை வந்தா பழைய எதிர்ப்பணுக்களே புது வைரஸ் செல்லுக்குள்ள நுழைய வழி பண்ணிக் குடுத்துடுது, அதனாலதான் ரெண்டாவது டெங்குல சீரியஸாகுற வாய்ப்பு அதிகம். அவருக்கு இது எத்தனாவது தடவைன்னு யாருக்கும் தெரியாது. சுகர் வேற இருக்கு. அதான் அட்மிஷனே போடச் சொல்லிக் கேளுங்கன்னு சொன்னேன்.

இப்ப பிளேட்லெட். எல்லாரும் அந்த ஒரு நம்பரையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, உங்க கடிதத்துலயும் அது மட்டும்தான் இருந்துச்சு, பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு, அது எவ்வளவுன்னு எழுதலையே? டெங்குல ஆளை விழ வைக்கிறது பெரும்பாலும் பிளேட்லெட் குறையறது இல்ல, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளிய போயிடறது. நீர் வெளிய போனா ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். நேத்து 40 இருந்தது இன்னைக்கு 48னா, பிளேட்லெட் 80 ஆயிரம் இருந்தாலும் நான் பயப்படுவேன். அதே பிளேட்லெட் 30 ஆயிரத்துக்கு வந்து, பிசிவி ஏறாம, ரத்தக்கசிவு இல்லாம, ஆள் தெளிவா பேசிக்கிட்டு ஒண்ணுக்கு நல்லா போய்க்கிட்டு இருந்தா அவ்வளவா கவலைப்பட மாட்டேன். எங்கயும் ரத்தம் கசியலைன்னா 10 ஆயிரத்துக்குக் கீழ போற வரைக்கும் பொதுவா பிளேட்லெட் ஏத்தத் தேவையில்ல, சொந்தக்காரங்க வற்புறுத்துறாங்கன்னு ஏத்துறதுல பலனைவிட தொந்தரவுதான் ஜாஸ்தி. பப்பாளி இலைச் சாறு பத்தி நீங்க கேக்கல, ஆனா இந்நேரம் யாராவது அரைச்சுக் கொண்டுவந்து குடுத்திருப்பாங்க. பிளேட்லெட் கொஞ்சம் ஏறுதுன்னு சில சின்ன ஆய்வுகள் உண்டு, உயிரைக் காப்பாத்துதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, அந்தக் கசப்புல வாந்தி எடுத்தா உள்ள போன தண்ணியும் வெளிய வந்துடும். நிலவேம்புக் குடிநீர் குடிச்சா குடிக்கட்டும், ஆனா அதைக் குடிச்சாச்சு அதனால வேற எதுவும் வேண்டாம்னு மட்டும் இருந்துடக்கூடாது.

எதுக்குப் பயப்படணும்னா, காய்ச்சல் விடுற நாளுக்கு. மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள உடம்பு சூடு இறங்கும், வீட்ல எல்லாரும் அப்பாடான்னு உட்காருவாங்க, ஆனா கசிவு அப்பதான் ஆரம்பிக்கும். வயித்துல விடாத வலி, நிக்காத வாந்தி, பல் ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், மலம் கருப்பா போறது, எழுந்து உட்கார்ந்தா தலை சுத்துறது, ஆள் மந்தமா கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லாம கிடக்கிறது, இல்ல சம்பந்தமில்லாம எரிஞ்சு விழறது, அஞ்சாறு மணி நேரமா ஒண்ணுக்கே போகலைங்கிறது, இதுல எது ஒண்ணு இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பிடணும். உங்களுக்குப் பெரியாஸ்பத்திரி ஆத்தைக்கூடத் தாண்ட வேண்டாம், பக்கம்தான், விடியட்டும்னு நினைக்க வேண்டாம். வீட்ல இருக்கிற வரைக்கும் ஓஆர்எஸ், மோர், கஞ்சித்தண்ணி, ரசம்னு கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க குடுத்துக்கிட்டே இருங்க. இளநி குடுக்கலாம், ஆனா சுகர் இருக்கிறதால அதையும் ஜூஸையும் அளவோட, சுகரை அப்பப்ப செக் பண்ணிக்கிட்டு. சாப்பாடு இறங்காதப்ப சுகர் மாத்திரையை வழக்கம்போல போடலாமான்னு பார்க்கிற டாக்டரைக் கேட்டுக்கோங்க, நீங்களா நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு குடுக்கவும் வேண்டாம்.

வலிக்கு ஊசி போட்டாங்கன்னு ஃபோன்ல சொன்னீங்கள்ல, அதைக் கேட்டதும் எனக்கு மனசு பதறிடுச்சு. மூட்டு வீங்கி அழுகிற ஆளைப் பார்த்தா வலி ஊசி போடத் தோணுறது இயல்பு, சிக்குன்குனியான்னு நினைச்சா இன்னும் சீக்கிரம் தோணும். ஆனா டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இதெல்லாம் டெங்குல ரத்தக்கசிவையும் வயித்துப் புண்ணையும் கூட்டி கிட்னியையும் படுத்தும். ரெண்டு வைரஸும் ஒரே தெருவுல சுத்துறப்ப இருக்கிற பெரிய சிக்கலே இதுதான், ஒண்ணுக்கு நிம்மதி தர்ற மருந்து இன்னொண்ணுல ஆபத்து. அதனால டெங்கு இல்லன்னு உறுதியாகி, காய்ச்சல் விட்டு ரெண்டு நாளாவது ஆகுற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான், ஆறு மணி நேர இடைவெளியில, ஒரு நாளைக்கு நாலு மாத்திரைக்கு மேல வேண்டாம். ஹார்ட்டுக்குன்னு தினமும் ஆஸ்பிரின் போடுறவரா இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்ல காய்ச்சல், கைகால் வலின்னு சொல்லி செட்டு மாத்திரை வாங்குற பழக்கத்தை இந்த ஐப்பசி கார்த்திகை முடியுற வரைக்குமாவது தெருவுல யாரும் பண்ண வேண்டாம்னு நீங்களே நாலு பேர்கிட்ட சொன்னா எனக்கு சந்தோஷம்.

உங்க பக்கத்து வீட்டக்கா சொன்னது சரிதான், ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே ஆளுக்கு வரும். இது புதுசும் இல்ல, ஒரே நோயாளியோட ரத்தத்துல டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பிரிச்சு எடுத்ததை 1967லயே ஆராய்ச்சிப் பத்திரிகையில எழுதிட்டாங்க. ரெண்டையும் பரப்புறது ஒரே ஏடிஸ் கொசு, கால்ல வெள்ளை வரி போட்டிருக்குமே அதுதான், ஜிகாவையும் அதேதான் பரப்புது. ஒரே கொசுவுக்கு மூணு வைரஸையும் ஏத்திப் பார்த்தப்ப மூணையும் சேர்த்தே அதால கடத்த முடியும்னு 2017ல லேப்ல காட்டியிருக்காங்க. ஆனா சேர்ந்து வந்தாலே நோய் ரெட்டிப்பா அடிக்கும்னு அர்த்தம் இல்லம்மா, சேர்ந்து வந்த நிறைய பேர் சாதாரணமாவே குணமாகுறாங்க. டாக்டருக்கு ஒண்ணு தெரிஞ்சு இன்னொண்ணு தெரியாமப் போறதுலதான் ஆபத்து, சிக்குன்குனியா பாஸிட்டிவ்னு பேப்பர்ல பார்த்ததும் டெங்குவை மறந்துடறது. உங்க வீட்டுக்காரருக்கு மூட்டு இப்படி வீங்கியிருக்கிறது சிக்குன்குனியா மாதிரி இருக்கு, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ வந்தது டெங்கு மாதிரி இருக்கு, அதனால ரெண்டு டாக்டர்ல யாரும் தப்பா சொல்லல.

ஏன் இப்படி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வருதுன்னு யோசிச்சா ஒவ்வொண்ணும் வேற வேற இடத்துல கிளம்பினதுதான். சிக்குன்குனியாவை 1952ல தான்சானியாவுல முதல்ல அடையாளம் கண்டாங்க, 1963ல கொல்கத்தா, அடுத்த வருஷமே சென்னை, அப்புறம் எழுபதுகளுக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல நம்ம நாட்டுல சத்தமே இல்ல, 2006ல திரும்பி வந்து அந்த ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 14 லட்சம் பேருக்கு. மதுரையில அப்ப குனிஞ்ச முதுகோட நடந்தவங்களை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஜிகா 1947ல உகாண்டா காட்டுல ஒரு குரங்குகிட்ட கிடைச்ச வைரஸ், அறுபது வருஷம் யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல, 2007ல பசிபிக்ல யாப் தீவு, 2013ல பிரெஞ்சு பாலினேசியா, 2015ல பிரேசில்னு போன பிறகுதான் உலகமே அலறுச்சு. டெங்கு சொல்லவே வேண்டாம், 2024ல மட்டும் உலகம் முழுக்க 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல பதிவாச்சு. இத்தனையும் வெப்ப நாடுகள்ல வந்து ஒண்ணா சேர்றதுக்குக் காரணம் அந்தக் கொசு நம்ம கூடவே குடித்தனம் பண்றதுதான். நெருக்கமா வீடு, குழாய்ல தினமும் தண்ணி வராததால டிரம்லயும் குடத்துலயும் பிடிச்சு வைக்கிறது, வருஷம் முழுக்க வெயில், பஸ்லயும் ரயில்லயும் பிளேன்லயும் வைரஸை ரத்தத்துல வச்சுக்கிட்டு ஊர் ஊரா போற ஆளுங்க. மதுரைல இதெல்லாமே இருக்கு. நம்ம சின்ன சொக்கிகுளத்துல 1985ல இருந்தே மத்திய அரசோட கொசு ஆராய்ச்சி மையம் ஒண்ணு இயங்குது, நிறைய பேருக்குத் தெரியாது.

இப்ப உங்க பொண்ணு. ஜிகா தமிழ்நாட்டுக்கு வராத வைரஸ்னு சொல்ல மாட்டேன், 2017ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒருத்தருக்கு வந்துச்சு, 2021ல திருவனந்தபுரம் பக்கம் நிறைய பேருக்கு, 2024ல புனேல கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து. ஆனா வாட்ஸப்ல வந்த படம் பிரேசில் குழந்தைங்களோடது. தாய்க்கு ஜிகா வந்தாலே பிள்ளைக்குத் தலை சின்னதாயிடும்னு இல்ல, பெரும்பாலான குழந்தைங்க நல்லாவே பிறக்குது, பாதிப்பு அதிகமா வர்றது முதல் மூணு மாசத்துல தொத்தினா. உங்க பொண்ணு அதைத் தாண்டி ஏழாம் மாசத்துல இருக்கா. காய்ச்சலே இல்லாதப்ப பயத்துல போய் ஜிகா டெஸ்ட் எடுக்காதீங்க, ஏன்னா டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பத்து வைரஸ், தூரத்துல நின்னு பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்கள்ல யார் மூத்தவன்னு தெரியாதே அது மாதிரி ஐஜிஎம் டெஸ்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும், என்னைக்கோ வந்த டெங்கு இன்னைக்கு ஜிகான்னு காட்டி உங்களை நிலைகுலைய வச்சுடும். காய்ச்சலோ, உடம்புல தடிப்போ, கண் சிவப்போ வந்தா அப்ப ரத்தமும் யூரினும் எடுத்து வைரஸையே நேரடியா தேடுற பிசிஆர் டெஸ்ட் பார்க்கணும், சுகாதாரத் துறை மூலமாவே அனுப்புவாங்க.

உண்மையில ஏழாம் மாசத்துல நான் அதிகம் பயப்படுறது ஜிகாவுக்கு இல்ல, டெங்குவுக்கு. கர்ப்பத்துல டெங்கு வந்தா சீரியஸாகவும் பிரசவ நேரத்துல ரத்தப்போக்கு ஆகவும் வாய்ப்பு கூடுது. சிக்குன்குனியா பிரசவ சமயத்துல தாய் ரத்தத்துல இருந்தா பிறக்கிற பிள்ளைக்குப் போறது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதனால அவளுக்கு லேசா காய்ச்சல்னாலும் அன்னைக்கே பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு. நாளைக்குப் பார்ப்போம்ங்கிறது அவ விஷயத்துல மட்டும் வேண்டாம்.

தேனிக்கு அனுப்பவான்னா, என் அபிப்ராயம் வேண்டாம். அங்கயும் இதே கொசு இருக்கு. பத்து நாளா உங்க வீட்லதான் இருக்கா, அப்பாவைக் கடிச்ச கொசு அவளையும் கடிச்சிருந்தா காய்ச்சல் வெளிய தெரிய பெரும்பாலும் நாலுல இருந்து பத்து நாள் ஆகும், பஸ்ல குலுங்கிப் போய் அங்க வந்து காய்ச்சல் அடிச்சா யார் ஓடுறது? இங்கயே வச்சு ரெண்டு வாரம் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கோங்க. ஆனா அதுக்கு உங்க வீட்டுக்காரரைக் கொசுவலைக்குள்ள போடணும், பகல்லயே. இதைச் சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, விடிஞ்சதும் ஒரு ரெண்டு மணி நேரம், சாயங்காலம் பொழுது சாயுறதுக்கு முந்தி ஒரு ரெண்டு மணி நேரம் ரொம்ப மும்முரமா இருக்கும். காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் அஞ்சு நாள் அவர் ரத்தத்துல வைரஸ் நிறைய இருக்கு, அவரைக் கடிக்கிற ஒவ்வொரு கொசுவும் ஒரு வாரம் பத்து நாள்ல உங்க பொண்ணுக்கு அதைக் கடத்தத் தயாராயிடலாம். அவளும் பகல்ல தூங்குறப்ப வலைக்குள்ளதான் தூங்கணும், முழுக்கை நைட்டி, கால் மூடுற மாதிரி. தோல்ல தடவுற கொசு க்ரீம் கர்ப்பிணிகளும் போட்டுக்கலாம், அட்டையில எழுதியிருக்கிற அளவுல, டீட் இருக்கிறதையும் பயமில்லாம போடலாம்.

மாப்பிள்ளை வந்து போறாருங்கிறதால இதையும் சொல்லிடறேன், சங்கடப்படாதீங்க. ஜிகா உடலுறவு மூலமாவும் பரவும். அவருக்கோ, அவர் போயிட்டு வந்த ஊர்லயோ ஜிகா இருக்குன்னு தெரிஞ்சா பிரசவம் வரைக்கும் ஆணுறை, இல்ல தள்ளி இருக்கிறது. இதைப் பொண்ணுகிட்ட நீங்க சொல்ல முடியலைன்னா செக்கப்புக்குப் போறப்ப டாக்டரம்மாவை விட்டு சொல்ல வைங்க.

கடைசியா வீடு. கார்ப்பரேஷன்ல புகை அடிச்சுட்டுப் போனாங்கன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, புகை அந்த நேரம் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், ஏடிஸ் உங்க பீரோவுக்குப் பின்னாடி, தொங்குற சட்டைக்குள்ள, கட்டிலுக்கு அடியில உட்கார்ந்திருக்கும். அது சாக்கடையில முட்டை போடுற கொசுவும் இல்ல, நீங்க குடிக்கிறதுக்குன்னு பிடிச்சு பத்திரப்படுத்துற நல்ல தண்ணியிலதான் போடும். முட்டை தண்ணியில மிதக்காது, தண்ணி மட்டத்துக்கு மேல டிரம் சுவத்துல ஒட்டியிருக்கும், தண்ணியைக் கொட்டிட்டுக் காய வச்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருந்து அடுத்த தடவை நிரப்பினதும் புழு வந்துடும். அதனால கொட்டுனா பத்தாது, தேங்கா நார் போட்டு உள்பக்க சுவத்தை அழுத்தித் தேய்க்கணும், வாரத்துக்கு ஒரு தடவை, ஏன்னா முட்டையில இருந்து கொசுவாகப் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மாடி சின்டெக்ஸ் மூடி உடைஞ்சிருந்தா துணி கட்டுங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி ஒரு தட்டு இருக்கும், அதை இழுத்துப் பாருங்க. பழைய ஆட்டுக்கல், மணி பிளான்ட் பாட்டில், கோழிக்கு வைக்கிற தண்ணிச் சட்டி, மாடியில போட்டு வச்ச டயர், ஏர் கூலர், எல்லாம்தான். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது, உங்களைக் கடிச்சது பெரும்பாலும் உங்க வீட்லயோ அக்கம் பக்கத்து நாலு வீட்லயோ பிறந்ததுதான், அதனால பக்கத்து வீட்டக்காவையும் சேர்த்துக்கிட்டு ஒரே நாள்ல பண்ணுங்க. தொட்டியைப் பார்க்க கொசு ஒழிப்பு மஸ்தூர் ஆளுங்க வந்தா உள்ள விடுங்கம்மா, கொசுப்புழுவைக் கொல்ல அவங்க போடுற அபேட் மருந்து சொன்ன அளவுல போட்டா பாதுகாப்பானதுதான், வாடை வருதுன்னு அவங்க போனதும் தண்ணியைக் கொட்டிடறவங்க நிறைய பேர் இருக்காங்க.

பிறகு ஒரு விஷயம், காய்ச்சல் விட்ட பிறகும் உங்க வீட்டுக்காரருக்கு விரல் மடக்க முடியாம காலையில இறுக்கமா இருந்தா சிக்குன்குனியா மூட்டுவலி மாசக்கணக்கா நீடிக்கிற வகை அது. மூணு மாசம் தாண்டியும் இருந்தா மூட்டு டாக்டரைப் பாருங்க, அதுவரைக்கும் கை கால் மெல்ல அசைச்சு வெந்நீர் ஒத்தடம். ஸ்டீராய்டு கலந்த மாத்திரைப் பொட்டலம் யார் குடுத்தாலும் வேண்டாம், அவருக்கு சுகர் எகிறிடும்.

பையனை வரச் சொல்லுங்க. காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொட்டு ஒட்டாது, அப்பா பக்கத்துல உட்காரலாம், கையைப் பிடிச்சுக்கலாம். ராத்திரி ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்க ஒரு ஆம்பளைப் பிள்ளை வேணும்னு ஃபோன்ல நீங்களே சொன்னீங்க, அவன் வந்தா உங்களுக்குத் தூங்கவும் ரெண்டு மணி நேரம் கிடைக்கும். வர்றப்ப முழுக்கை சட்டை ரெண்டு எடுத்துட்டு வரட்டும், ஒரு டபுள் கொசுவலையும் வாங்கிட்டு வரட்டும், வந்த அன்னைக்கே மாடிக்கு ஏறி அந்த சின்டெக்ஸ் மூடியைப் பார்த்துடட்டும். திருப்பூருக்குத் திரும்பிப் போன பிறகு ரெண்டு வாரத்துக்குள்ள அவனுக்குக் காய்ச்சல் வந்தா அங்க பார்க்கிற டாக்டர்கிட்ட மதுரையில அப்பாவுக்கு இருந்துச்சு, அங்க போயிட்டு வந்தேன்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க.